பொழுதோட வர்ற வண்டி

உக்காருங்க தம்பி. சேரை நெழல்ல இழுத்துப் போட்டுக்குங்க. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தது போதும், அது எங்கயும் ஓடிராது. பானட்டை மட்டும் தட்டாதீங்க. பழைய காரு வாங்க வர்ற ஆளுங்க எல்லாத்துக்கும் இந்தத் தட்டற பழக்கம் எங்க இருந்துதான் வருதோ. போன மாசம் ஒருத்தரு வந்தாரு, தேங்கா வாங்க வந்தவராட்டம் ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாத்தாரு. உள்ள எங்கம்மா படுத்திருக்காங்க. சத்தம் ஆகாது.

மொதல்லயே சொல்லிப்புடறேன், வண்டி விக்கறதுக்கில்லீங்க. ராக்கியண்ணன் சொல்லித்தானே வந்தீங்க? அண்ணன்னு பேருலதான் இருக்குது, என்னை விடச் சின்னவன், நம்ம மெக்கானிக். நல்லவன்தான். இந்த வண்டி என் கையை விட்டுப் போனாத்தான் எனக்கு விமோசனம்னு நெனைக்கறான். அதுக்காக ஆள் புடிச்சுப் புடிச்சு அனுப்பறான். நான் மோரு குடுத்துத் தாட்டி விட்டுட்டு இருக்கேன்.

உங்களையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன். நீங்க இன்ஜினைப் பத்திக் கேட்டீங்க பாருங்க, அதுக்காகச் சொல்றேன். அந்த செட்டுல சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கறது டீசல் இன்ஜின். அருமையான இன்ஜின். அது வெளிய கெடக்குது, ஆதிகாலத்துப் பெட்ரோல் இன்ஜின் உள்ள உக்காந்திருக்குது. எதுக்குங்க இப்படித் தலைகீழாப் பண்ணி வச்சிருக்கீங்கன்னு கேட்டீங்க. நானும் மொதல்ல எல்லாரையும் போலத்தான் பண்ணுனேன். பழசைக் கழட்டிட்டு டீசலைத்தான் போட்டேன். அதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க. இது திருச்செங்கோடுங்க. லாரியும் போர் போடற ரிக் வண்டியும் வச்சுப் பொழைக்கற ஊரு. இங்க வேட்டி மாத்தறாப்பல இன்ஜின் மாத்துவாங்க. என்னை மட்டும் சொந்தபந்தம், ஒறம்பரை பூரா ஏதோ கொலை பண்ணுனவனாட்டம் பாக்குது.

எங்கப்பாவோட வண்டி இது. மார்க் டூ அம்பாசிடர். ஈரோட்டுல நூல் கடை அவருக்கு. வெடியால போவாரு, பொழுதோட வருவாரு. வேற ஒருத்தன் இந்த ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. நான் ஒரே பையன், நானும் தொட்டதில்லை. ஒரு தடவை அவசரத்துக்குச் சாவியைக் கேட்டேன். 'காரு உனக்கு எதுக்கு, உனக்கு சைக்கிளே ஜாஸ்தி'ன்னாரு. எனக்குக் கல்யாணம் ஆகி, பொண்ணு பொறந்ததுக்கு அப்பறம் சொன்னாருங்க இதை. சம்சாரம் பக்கத்துல நிக்குது. சரி, விடுங்க. செத்தவரைப் பத்திப் பேசக் கூடாது. எனக்கு அவரு மேல கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது.

இந்த இன்ஜினுக்குன்னு ஒரு சத்தம் இருக்குதுங்க. ஓடறப்ப வால்வுப் பக்கம் டிக்கு டிக்குன்னு ஒண்ணு கேட்டுட்டே இருக்கும். ராக்கியண்ணன் சரி பண்ணித் தர்றேன்னான், அப்பா விடலை. அப்பறம் அவருக்கு ஒரு பழக்கம். வண்டியை ஆஃப் பண்றதுக்கு முன்னால ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பாரு. உர்ர்ருன்னு ஒரு உறுமல். அதுக்கப்பறந்தான் சாவியைத் திருப்புவாரு. பெட்ரோல் தண்டம். ஆனா அவரு வந்துட்டாருன்னு தெருவுக்கே தெரியோணும்.

கோயில் முக்குல வண்டி திரும்பறப்பவே எங்கம்மாவுக்குக் கேட்டுரும். அடுப்புல என்ன இருந்தாலும் எறக்கி வச்சுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு, சொம்புல தண்ணியோட கேட்டுகிட்ட போய் நின்னுக்குவாங்க. அந்த மூஞ்சியைப் பாக்கோணுமே! அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு ஒரு நாளும் அப்படி வந்து நின்னதில்லைங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சரி, ஆஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தாலும் சரி, 'நீயா'ம்பாங்க. 'நீயா, கை காலைக் கழுவு.' அவ்வளவுதான். பாசம் இல்லைன்னு சொல்லலை. பாசமெல்லாம் இருந்திருக்கும்.

அப்பா போனது ஈரோட்டுல. கடையில உக்காந்திருந்தவரு அப்படியே மேசை மேல சாஞ்சுட்டாரு. ஆம்புலன்சுல வீட்டுக்குக் கொண்டாந்தோம். காரு அங்கயே கடை வாசல்ல நின்னு போச்சு. எங்கம்மாவுக்கு அதுக்கு முன்னாலயே மறதி ஆரம்பிச்சிருச்சுங்க. அடுப்பைப் பத்த வச்சுட்டு எதுக்குப் பத்த வச்சேன்னு நிப்பாங்க. அன்னைக்கு ஊரே கூடி அழுவுது, இவங்க 'வண்டி சத்தமே கேக்கலை, அவரு எப்படி வந்திருப்பாரு?'ன்னு கேக்கறாங்க. நடு வீட்டுல கெடத்தியிருக்குது. கிட்டப் போய்ப் பாத்துட்டு 'யாரு இவரு, பாவம்'ன்னாங்க.

கருமாதி முடிஞ்சுது. நூல் கடையைத் தொறக்கோணுமே. நான் அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதா பைப் கடை வச்சிருந்தேன், அதை மூடிட்டு ஈரோடு போகோணும்னு ஆயிருச்சு. கடையும் என் தலையில, காரும் என் தலையில. அன்னைக்குத்தான் மொத மொதல்ல இந்த வண்டியை நான் ஓட்டுனது. அம்பது வயசுல. பொழுதோட திரும்பி வர்றேன், கோயில் முக்குல திருப்பறேன், இந்தா, இதே எடத்துல கொண்டாந்து நிறுத்தறேன். நான் நெனைக்கவே இல்லைங்க, என் காலு தானா ஒரு மிதி மிதிச்சுது. உர்ர்ருன்னுச்சு.

கேட்டைத் தொறந்துட்டு எங்கம்மா நிக்கறாங்க. சொம்போட, அந்தச் சிரிப்போட. 'ஏனுங்க, வந்துட்டீங்களா? இத்தனை நாளா எங்கீங்க போயிட்டீங்க?'

கதவைத் தொறந்து எறங்குனேன். மூஞ்சியைப் பாத்தாங்க. கரண்டு போனாப்பல அந்தச் சிரிப்பு போயிருச்சு. 'நீயா'ன்னாங்க. சொம்பைத் திருப்பி எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வாய் தண்ணி குடுக்கலைங்க எனக்கு.

அன்னைக்கு ஒரு நாளுன்னா பரவாயில்லை. தெனமும் அதே கூத்து. மறந்துருவாங்க, மக்கா நாளு மறுபடியும் அதே சிரிப்பு, அதே 'ஏனுங்க', நான் எறங்குனதும் அதே 'நீயா'. தெனம் ஒருக்கா அவரு வர்றாரு, தெனம் ஒருக்கா நான் வந்து அவரைத் தொரத்தி விடறேன். பூங்கொடி, என்ற சம்சாரம், 'பேசாம பஸ்சுல போயிட்டு வாங்க, அத்தை சத்தம் கேக்காம இருந்தாத்தான் ஒழுங்கா இருப்பாங்க'ன்னு சொல்லுச்சு. நான் எதுக்குங்க பஸ்சுல போகோணும்? எங்கப்பன் காரு, எனக்கு வந்த காரு. அவரு உசுரோட இருந்தப்ப தொட விடலை. செத்ததுக்கு அப்பறமும் நான் பஸ்சுல தொங்கிட்டுப் போகோணுமா?

அப்பத்தான் இன்ஜினை மாத்தலாம்னு ரோசனை வந்துச்சு. பெட்ரோல் விக்கற வெலைக்குத்தான் மாத்துனேன், தம்பி. வேற காரணம் ஒண்ணும் கெடையாது. நீங்க அப்படிப் பாக்காதீங்க. இந்த வண்டி பெட்ரோலைக் குடிக்காதுங்க, கொப்புளிச்சுத் துப்பும்.

ராக்கியண்ணன்கிட்டக் கொண்டு போய் விட்டேன். கவுந்து போன வேன் ஒண்ணோட டீசல் இன்ஜின் அவன்கிட்டக் கெடந்துச்சு. 'அதைப் போட்டுரு'ன்னேன். அவன் தலையைச் சொறியறான். 'அண்ணா, ஐயா இந்த இன்ஜின்ல ஒரு நட்டை மாத்தறதுன்னாலும் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்குவாருங்க. அவரு போயி ஒரு வருசம் கூட ஆகலை. பொறவு பாத்துக்கலாமுங்களே'ன்னான்.

'அவரு வந்து கேட்டாருன்னா நான் பதில் சொல்லிக்கறேன். நீ கழட்டு'ன்னேன்.

செயின் புல்லியில கட்டித் தூக்குனான். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். வண்டிக்குள்ள இருந்து அது மேல வர்றப்ப கொஞ்ச நேரம் அந்தரத்துல ஆடுச்சுங்க. எண்ணெய் சொட்டுது. எனக்கு நெஞ்சு லேசான மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லலை. 'தொலைஞ்சுது சனியன்'ன்னு வாய் விட்டே சொன்னேன். ராக்கியண்ணன் காதுல விழாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

டீசல் இன்ஜின் கனம் ஜாஸ்தி. இன்ஜின் உக்கார்றதுக்குப் புது மவுண்டிங் வச்சு வெல்டு பண்ணி, ரேடியேட்டரை முன்னால தள்ளி, ஸ்பிரிங்கை மாத்தி, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்பரை எல்லாம் மாத்தி எழுதி, எல்லாத்தையும் மொறையாப் பண்ணுனேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி எடுத்தேன். ஓட்டிப் பாத்தா லாரியாட்டம் இழுக்குது. சத்தமும் லாரியாட்டந்தான். தடதடதடன்னு கண்ணாடியெல்லாம் ஆடுது. ஆடட்டும். என் வண்டி, என் சத்தம்.

அன்னைக்குப் பொழுதோட வந்து நிறுத்துனேன். ஆரன் வேற அடிச்சேன். எங்கம்மா வெளிய வந்தாங்க. 'நீயா'ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், இனிமே நேரா என்னைப் பாத்துக் கேக்கட்டும்னு நெனச்சுட்டுத்தான் எறங்குனேன். அவங்க என்னையும் பாத்தாங்க, வண்டியையும் பாத்தாங்க. உள்ள திரும்பி, 'பூங்கொடி, யாரோ லாரிக்காரன் வந்திருக்கறான், என்ன வேணும்னு கேளு'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க.

அந்த 'நீயா'வும் போச்சுங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க. ஊரே சிரிச்சுது. எனக்குத்தான் சிரிப்பு வரலை. அதுக்கப்பறம் பொழுதோட ஆச்சுன்னா கேட்டுகிட்ட ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குவாங்க. இருட்டற வரைக்கும் ரோட்டையே பாக்கறது. சாப்பிடக் கூப்பிட்டா, 'அவரு வரட்டும்'பாங்க. 'அவரு இன்னைக்கு வர மாட்டாரு, வெளியூரு போயிருக்காரு'ன்னு பூங்கொடி கெஞ்சிக் கூத்தாடி நாலு வாய் ஊட்டும். நான் ஊட்டப் போனா வாயை இறுக்கிக்குவாங்க. அந்நிய ஆம்பளை கையில சாப்பிடுவாங்களா?

இது ஒரு பக்கம். ராக்கியண்ணன் அந்தப் பழைய இன்ஜினை என்ன பண்ணிட்டான்னா, நான்தான் என்னமோ பண்ணிக்கன்னு சொல்லியிருந்தேன், மாதேசுன்னு டாக்சி ஓட்டறவன், அவனோட அம்பாசிடருக்குப் போட்டு விட்டுட்டான். எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் வீட்டுக்கு வர்றேன், கேட்டுகிட்ட சேரு மட்டும் இருக்குது. எங்கம்மாவைக் காணோம். பூங்கொடி பின்னால துணி மடிச்சுட்டு இருந்திருக்குது. தேடாத எடமில்லை. கெணறு கூட எட்டிப் பாத்துட்டேன், சாமி. கடைசியில டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் ஓடுனா, அங்க ஒரு வெள்ளைக் காரைச் சுத்தி ஆளுங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. பின் சீட்டுல எங்கம்மா. மடியில கை வச்சு, கல்யாணத்துக்குப் போறவங்களாட்டம் ஜம்முன்னு உக்காந்திருக்காங்க.

மாதேசு வெளிய நின்னு கையைப் பெசைஞ்சுட்டு இருக்கறான். 'அண்ணா, உங்க தெருவுல சவாரி எறக்கிட்டு இங்க வந்து நிறுத்துனனுங்க. அம்மா பின்னாலயே நடந்து வந்து கதவைத் தொறந்து உக்காந்துட்டாங்க. எங்கீங்கம்மா போகோணும்னு கேட்டா, 'உங்களுக்குத் தெரியாதுங்களா, நம்ம வீட்டுக்குத்தான்'ங்கறாங்க.'

நான் போய், 'அம்மா, எறங்கும்மா'ன்னு கையைப் புடிச்சேன். கையை உதறிட்டு முன்னால பாத்து, 'ஏனுங்க, இந்த ஆளு யாருங்க, கையைப் புடிக்கறான்'ன்னாங்க. அத்தனை பேரு மத்தியில, தம்பி. பெத்த தாயி. மாதேசுதான் ஓட்டிட்டு வந்து வீட்டுல எறக்கி விட்டான். எறங்கி நேரா உள்ள போயி அடுப்பைப் பத்த வச்சாங்க. அன்னைக்கு ரெண்டு தோசை தானா சாப்பிட்டாங்கன்னு பூங்கொடி சொல்லுச்சு. அந்த நேரத்துல ரெண்டு தோசைங்கறது பெரிய விசயமுங்க.

நான் மாதேசுகிட்டப் போய், இந்தத் தெருப் பக்கமே வராதேன்னு சத்தம் போட்டேன். அவனும் வரலைதான். ஆனா காது இருக்குதுங்களே. அவன் மெயின் ரோட்டுல போனாக் கூட இவங்களுக்குக் கேக்குது. கேட்டைப் பூட்டுனா கேட்டைப் புடிச்சு ஆட்டறாங்க. பூட்டாம விட்டா ஸ்டாண்டுக்குப் போயி ஏறி உக்காந்துக்கறாங்க. அவன் பாவம், சவாரி போச்சு. பின் சீட்டுல ஒரு வயசானவங்க உக்காந்துட்டு, 'கண்ணு வலிக்குதுன்னீங்களே, மருந்து விட்டீங்களா'ன்னு செத்தவர்கிட்டப் பேசிட்டு இருந்தா எவன் அந்த வண்டியில ஏறுவான்? அப்பறம் பூங்கொடி ஒரேடியாப் பூட்டிப் போட்டுச்சு. எங்கம்மா படுத்துட்டாங்க. சோத்தை நிறுத்திட்டாங்க. டாக்டரு வந்து பாத்துட்டு, 'ஒடம்புல ஒண்ணுமில்லை, சாப்பிட மனசில்லை, இப்படியே விட்டா தாங்காது'ன்னுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே மாதேசு வீட்டுக்கு வந்தான். நான் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாலயே, 'அண்ணா, இன்ஜினை எடுத்துக்குங்க. எனக்கு வேற ஒண்ணு பாத்துக் குடுங்க போதும்'ன்னான். என்னடான்னு கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொல்றான். 'அம்மா பேசப் பேச நானும் 'உம்'முன்னு சொல்லிட்டேனுங்க, பாவமா இருந்துச்சு. ஒரு தடவைதான் சொன்னேன். அதுல இருந்து வண்டியை நிறுத்தறப்பெல்லாம் என் காலு தானா ஒரு மிதி மிதிக்குது. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்கண்ணா.'

என் காலும் மொத நாளு அப்படித்தான் தானா மிதிச்சுது. அவன்கிட்டச் சொல்லிக்கலை. 'மனப் பிராந்திடா, போ'ன்னேன்.

மறுபடியும் ராக்கியண்ணன். மறுபடியும் செயின் புல்லி. புது மவுண்டிங்கை அறுத்துட்டு பழைய மவுண்டிங்கை வெல்டு பண்ணுனான். நான் சேர் போட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன். ஒவ்வொரு நட்டையும் சரியா முடுக்கறானான்னு பாத்தேன். அந்த டிக்கு டிக்கை மட்டும் தொடாதேன்னு சொன்னேன்.

வண்டியை எடுத்துட்டுப் பொழுதோட வர்றேன். உள்ள படுத்த படுக்கையா கெடக்கறாங்க, எந்திரிக்கறாங்களோ இல்லையோன்னு ஒரே பயம். கோயில் முக்குல திருப்புனேன். இங்க நிறுத்துனேன். இந்தத் தடவை நானேதான் மிதிச்சேன்.

கதவு தொறந்துச்சு. செவுத்தைப் புடிச்சுட்டே வர்றாங்க. ஒரு கையில சொம்பு, தண்ணி பூரா சிந்துது. 'ஏனுங்க, வந்துட்டீங்களா?' நான் எறங்கலை. எறங்குனா மூஞ்சியைப் பாப்பாங்க, மறுபடியும் எல்லாம் போயிருமேன்னு ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டே உக்காந்திருக்கேன். அவங்களே வந்து கதவைத் தொறந்துட்டாங்க. நேருக்கு நேரா என் மூஞ்சியைப் பாத்தாங்க, தம்பி. நல்லா பாத்தாங்க. சிரிப்பு போகலை. 'எளைச்சுப் போயிட்டீங்களே'ன்னு என் கன்னத்தைத் தொட்டாங்க.

நான் 'உம்'முன்னேன்.

இருங்க. அம்மா எந்திரிச்சுட்டாங்கபோல. நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. ...ஏனுங்கம்மா? ...இவருங்களா? காரைப் பாக்க வந்திருக்காருங்க. ...ஆமாங்க, வெளியூரு. ...ஐயா இன்னும் வரலைங்க, வந்ததும் சொல்றேனுங்க. ...சரிங்கம்மா, நூல் மூட்டையை எடுத்து உள்ள வச்சர்றேனுங்க. நீங்க போய்ப் படுங்க.

பாத்தீங்களா? பகல்ல நான் கடை ஆளு. மூட்டை தூக்கறவன். நல்ல மாதிரி பேசுவாங்க, பழைய சட்டை கூட எடுத்துக் குடுப்பாங்க. பொழுதோட ஆச்சுன்னா வண்டியை எடுத்துட்டுப் போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வரோணும். கடை லீவுன்னாலும் போகோணும். வந்து நிறுத்துனா நான் அவரு. தண்ணி வரும், காப்பி வரும். நான் எறங்கறதுக்குள்ள துண்டு வரும். அவருக்குப் பண்ற பணிவிடை எப்படிப்பட்டதுன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. தூரத்துல நின்னு பாத்தவன்தானே நான். பொய் எதுக்கு, நல்லாத்தான் இருந்துச்சுங்க. சாப்பிடறாங்க, தூங்கறாங்க, ஒடம்பு தேறிருச்சு. இன்ஜினைத் திருப்பிப் போட்டு எங்கம்மாவைக் காப்பாத்துனது நான்தானுங்க. அதை ஒருத்தரும் சொல்லறதில்லை.

பூங்கொடிக்குத்தான் புடிக்கலை. 'நீங்க இருமறது கூட மாமா இருமறாப்பலயே இருக்குது'ங்குது. 'நேத்துத் தூக்கத்துல, மாமா அத்தையைக் கூப்பிடறாப்பல என்னை ஏம்புள்ளன்னு கூப்பிட்டீங்க, எனக்குப் பயமா இருக்குது'ங்குது. நான் அப்படியெல்லாம் கூப்பிடறதில்லைங்க. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். சாவியை ஒரு நாள் மாப்பிள்ளை கேட்டாரு, எம் பொண்ணு வீட்டுக்காரரு. குடுக்கலை. அதுக்கும் ஒரு பேச்சு. புது ஆளு கை பட்டா சத்தம் மாறிப் போயிருமேன்னு குடுக்கலை, வேற என்ன?

ஒரு நாள் சோறு போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்து விசிறிட்டு இருந்தாங்க. மேல ஃபேன் ஓடுது, இருந்தாலும் விசிறுவாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, கேட்டுப்புட்டேன். அவரு கொரல்லயே கேட்டேன். 'ஏம்புள்ள, நம்ம வேலு எங்க? ஆளையே காணோம்?' வேலுங்கறது நான்தானுங்க. செங்கோட்டுவேலு.

விசிறிட்டு இருந்த கை நின்னு போச்சு. என் மூஞ்சியையே பாத்தாங்க. கதவுப் பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்துட்டுக் கொரலைத் தாழ்த்துனாங்க. 'உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?'

'என்ன சொல்லலை?'

'வேலு போயிட்டானுங்க.'

வாய்க்குக் கொண்டு போன சோத்தைத் தட்டுலயே வச்சுட்டேன்.

'வீடு பூரா சனமுங்க அன்னைக்கு. பந்தலு போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தியா வந்து என்னைக் கட்டிப் புடிச்சுட்டு அழுவறா. செத்தது யாருன்னு ஒருத்தியும் சொல்லலை. நானாத்தான் ரோசனை பண்ணிப் பண்ணிக் கண்டு புடிச்சேன். இங்க பாருங்க, தாலி என்ற கழுத்துல இருக்குது. நீங்க தெனமும் பொழுதோட வந்துடறீங்க. அவன்தான் வர்றதே இல்லை. அப்ப அவன்தானுங்களே?'

தாலியைக் கழட்டற சடங்குக்குப் பொம்பளைங்க வந்தப்ப எங்கம்மா அலறுன அலறல்ல, பூங்கொடி நடுவுல நின்னு, 'தெரியாதவங்களுக்கு எதுக்கு இந்தக் கொடுமை, இருந்துட்டுப் போகட்டும்'னு எல்லாரையும் அனுப்பிருச்சு. நல்லதுக்குத்தான் பண்ணுச்சு. அதையே சாட்சியா எடுத்து என்கிட்டக் காட்டறாங்க.

'நான்தான் உங்ககிட்டச் சொல்லாம வச்சிருந்தேன். வெளிய வெறைப்பா இருந்தாலும் அவன் மேல உங்களுக்கு உசுரு. தாங்க மாட்டீங்கன்னுதான்...' விசிறியைக் கீழ வச்சாங்க. 'சின்னதுல உங்க வண்டி சத்தம் கேட்டா எனக்கு முன்னால கேட்டுக்கு ஓடுவானுங்க. எட்டாத கம்பியைப் புடிச்சுட்டு எம்பி எம்பிப் பாப்பான். நான் தண்ணியோட போறப்ப என் சீலையைப் புடிச்சுட்டுப் பின்னாலயே வருவான். நீங்க ஒரு நாளாவது அவனை ஏத்திட்டு ஒரு சுத்துப் போயிட்டு வந்திருக்கலாம். நானும் அவனை ஒருக்காலும் ஏன் கண்ணுன்னு கேட்டதில்லை. உங்களையே பாத்துட்டு இருந்துட்டேன்.'

எனக்கு அந்தப் பையனை நெனவே இல்லைங்க. கேட்டுக்கு ஓடுனேன், எம்பிப் பாத்தேன்னு அவங்க சொல்லித்தான் தெரியுது. சீலையை மூஞ்சியில பொத்திட்டு எங்கம்மா அழுதாங்க. எங்கப்பாவுக்குக் கூட அவங்க அப்படி அழுது நான் பாத்ததில்லை. எனக்காக, தம்பி. எம் பேரைச் சொல்லிச் சொல்லி.

'அம்மா, நான் இருக்கேன்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொன்னா என்ன ஆகும்? நான் உசுரோட எந்திரிச்சா அந்த நிமிசமே அவரு செத்துப் போவாரு. அந்தப் பந்தலு, அந்த அழுவை, எல்லாம் மொதல்ல இருந்து மறுபடியும். இவங்க சோத்தை நிறுத்திருவாங்க. நான் சொல்லலை. செத்தவனாவே இருந்துட்டேன். 'என்ன பண்றது, நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்'னு அவங்க தோளைத் தொட்டேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே அடக்க முடியாம அழுவை வந்துருச்சுங்க. தட்டுல கையை வச்சுட்டு ரெண்டு பேரும் அந்தப் பையனுக்காக அழுதோம்.

எங்கம்மா முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைச்சு விட்டாங்க. எனக்கு நெனவு தெரிஞ்சு எங்கம்மா என் கண்ணைத் துடைச்சது அதுதான் மொதத் தடவைங்க. துடைச்சு விட்டுட்டு, 'அழுவாதீங்க, போனவன் போயிட்டான். எனக்கு நீங்க இருக்கீங்க, அது போதும்'ன்னாங்க.